டவுன் மண்ணில் கொழுத்த இலை

காலை ஆறு இருபது. பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்ற என் மகன், "அம்மா, லைட்டு மஞ்சளா இருக்கா, இல்ல என் கண்ணா?" என்று கேட்டான். அது வெள்ளை விளக்கு. போன மாதம்தான் மாற்றியிருந்தோம்.

அவன் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் கண்ணில்தான் இருந்தது.

அன்று மத்தியானமே கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். சாப்பிட்டதெல்லாம் வாந்தி, தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. கையில் ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டு, ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். "கல்லீரல்ல கிருமி, ஆன்டி. பெரும்பாலும் தானா சரியாயிடும். ஆனா பாத்துக்கணும்" என்றார் டாக்டர். என் மகளாக இருக்கக்கூடிய வயது. 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பெற்றவளிடம் சொல்லக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டேன். அவன் போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வேலை செய்கிறான். அப்பா போனபின் அம்மா அவன் வீட்டில்தான் இருக்கிறார்.

"காமாலையாக்கா?" என்று கேட்டான். பின்னால் கன்டெய்னர் இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றேன்.

"நான் எங்க சொல்றேன். ஆனா எத்தன நாளைக்கு மறைப்ப? தினம் சாயந்தரம் உன் பையன்கூட வீடியோ கால் பேசுறாங்கல்ல."

"காய்ச்சல்னு சொல்லு. டெங்கின்னு வேணா சொல்லு."

"டெங்கின்னா பரவாயில்லையா உனக்கு?"

வேறு வீட்டில் இதற்குச் சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் டெங்கி பரவாயில்லை. காமாலை என்ற சொல் மட்டும் அம்மா காதில் விழக் கூடாது. முன்பு ஒருமுறை எங்கள் வீட்டுக்குள் அது வந்தபோது தாங்கி மீண்டவர். எண்பதை நெருங்கும் வயதில் இன்னொரு முறை தாங்குவாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்த ஒரு முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மகன் தூங்கிக்கொண்டிருந்த நேரங்களில், வார்டு நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் அதுதான்.

என் வயதுக்காரர்களுக்கு அந்த மாதிரி வரிசை வீடுகள் நினைவிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் பாதையில், தகரக் கூரையும் பாதிச் சுவர் கல், பாதிச் சுவர் பலகையுமாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு நிலம், அதற்கு முன்னால் லோங்காங். அந்தச் சாக்கடையில் பந்து விழுந்தால் யார் எடுப்பது என்பதில்தான் எங்கள் சண்டையெல்லாம். காற்று துறைமுகப் பக்கமிருந்து அடித்தால் செம்பனை எண்ணெய் வாடை வரும். எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் கருவாடு. இரண்டும் இல்லாத நாளில் மழை வரப்போகிறது என்று அம்மா துணியை எடுப்பார்.

அந்தத் துண்டு நிலத்தில் எதுவும் வளராது. கடல் சேற்றின் மேல் செம்மண் கொட்டி மேடாக்கிய இடம். தோண்டினால் சிப்பி வரும். அம்மா கத்தரி வைத்தார், கருகியது. மல்லி வைத்தார், இலையோடு நின்றுவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி அப்பாவோடு டவுனுக்கு வந்தவர் அம்மா. கை வைத்தது எதுவும் முளைக்காதது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அந்த வரிசையில் மற்ற பெண்கள் கொஞ்சமாவது படித்தவர்கள். கடைசி வீட்டு டெய்லர் அக்காகூட இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்து ரவிக்கை வெட்டுவார். பக்கத்து வீட்டில் இருந்தவர் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். ஊரே அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பால்மரமும் பச்சிலையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் நாங்கள் நான்கு பேரும் நசுங்கிப் போய்க்கொண்டிருந்தோம். ரவுண்டபவுட்டில் அம்மா அப்பாவின் தோளைத் தட்டி, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். வட்டத்தின் நடுவில் தரை தெரியாமல் பச்சைப் பாய். அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூக்கள். நகராட்சி ஆட்கள் ஓரத்தை வெட்டி லோரியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அதுல ரெண்டு கொப்பு குடுங்க."

"எடுத்துக்குங்கக்கா. எப்படியும் கொட்டத்தான் போறோம்."

அப்பாவுக்குக் கூச்சம். "ரோட்டுல இறங்கிப் புல்லு பொறுக்கணுமா?"

"புல்லு இல்லைங்க. மஞ்சக் கரிசலாங்கண்ணி. தோட்டத்துல எங்கப்பாரு ஆத்தோரம் போய்த் தேடிட்டு வருவாரு. இங்க நடுரோட்டுல கொட்டிக் கெடக்குது."

வீட்டுக்கு வந்ததும் கொப்புகளைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அம்மா ஒரு இலையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது பளபளவென்று இருந்தது. நுனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது. அவர் அறிந்த செடியின் இலை நீளமாக, ஒல்லியாக, சொரசொரவென்று இருக்கும். இது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அன்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"டவுன் மண்ணு. ஒரம் போட்டு வளக்குறாங்க. அதான் எலை கொழுத்திருக்கு."

டவுனுக்கு வந்தபிறகு அப்பாவுக்குத் தொப்பை போட்டிருந்தது. எனக்கும் தம்பிக்கும் கன்னம் வந்திருந்தது. இலையும் கொழுக்கும் என்பதில் எங்களுக்கு என்ன சந்தேகம் வரும்?

வெறும் மண்ணில் கொப்பைப் படுக்கப் போட்டு, கணுவின் மேல் ஒரு பிடி மண் வைத்தார். அவ்வளவுதான். பால்மாவு டின்னின் அடியில் ஆணியால் துளை போட்டு, அதில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சிப்பி மண் அந்தச் செடிக்கு ஒரு பொருட்டே இல்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டது. ஒரு மழைக்காலத்துக்குள் எங்கள் வாசல் மஞ்சளாகிவிட்டது. காலையில் பூவெல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். மழை விட்டதும் இலைகளிலிருந்து பச்சைக் காரட்டை நறுக்கியது போல ஒரு வாசனை வரும். தம்பியும் நானும் அதில் உருளுவோம். வெள்ளைப் பள்ளிச் சட்டையில் பச்சைக் கறை பிடித்தால் அம்மா திட்டியதில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் கறைக்குத் திட்டாத அம்மாவை நான் பார்த்ததில்லை.

பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கண்ணுக்கு நல்லதாமே, முடிக்கு நல்லதாமே என்று ஆளுக்கொரு கொப்பு. அம்மா யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. எப்படி நடுவது, எவ்வளவு அரைப்பது, எண்ணெயில் எந்தப் பதத்தில் இறக்குவது என்று வாசலில் நின்று விளக்குவார். படித்த பெண்கள் தலையாட்டிக் கேட்பார்கள். அவருக்கு 'மஞ்சப்பூ அக்கா' என்று பெயரே வந்துவிட்டது. அதைக் கேட்கும்போது அம்மா முந்தானையைச் சரிசெய்துகொள்வார். கூடவே கொஞ்சம் உயரமாகிவிட்டது போல எனக்குத் தோன்றும்.

எனக்கும் ஞாயிறுதோறும் அந்த எண்ணெய்தான். கரிசலாங்கண்ணி போட்டால் எண்ணெய் கருகருவென்று இறங்க வேண்டுமாம். எங்கள் எண்ணெய் வெளிர்பச்சையிலேயே நின்றது. "கடைக்காரன் கலப்பட எண்ணெய் குடுத்துட்டான்" என்றார் அம்மா. கடையை மாற்றினார். செடியைச் சந்தேகப்படவில்லை.

மிஸ்ஸி மட்டும் கொப்பு கேட்டு வரவில்லை. அவருடைய வாசலில் கம்பளம் விரித்தது போல வெட்டிய புல்லும், தொட்டியில் ஆர்க்கிட்டும் இருந்தன. எங்கள் செடி கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து அந்தப் புல்லுக்குள் போய்விட்டது.

"தங்கச்சி, உங்கட கொடி என்ட புல்லுக்குள்ள வந்திட்டுது."

"கொடி இல்ல மிஸ்ஸி, மூலிகை."

"மூலிகை எண்டாலும் வேலிக்கு அங்கால நிக்கலாம்தானே."

அம்மா உள்ளே வந்து, "யாழ்ப்பாணத்துக்காரங்களுக்குப் புல்லுகூட ஸ்கூல் அசெம்பிளி மாதிரி வரிசையா நிக்கணும்" என்று அடுப்பிடம் சொன்னார். மிஸ்ஸி சனிக்கிழமைதோறும் தோட்டக் கத்தரியோடு குந்தி உட்கார்ந்து, வேலி தாண்டியதை வெட்டி எங்கள் பக்கம் போடுவார். அம்மா அதைப் பொறுக்கி நடுவார். அடுத்த சனிக்கிழமை அது மறுபடி அந்தப் பக்கம் போயிருக்கும். ஒரு கட்டத்தில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மிஸ்ஸி வீட்டில்தான் தொலைபேசி இருந்தது, நல்ல பிஸ்கட்டும் இருந்தது.

தம்பி அந்த வருடம்தான் முதலாம் வகுப்பு. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவன் புத்தகப் பையோடு தரையிலேயே படுத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து அப்பா கழிப்பறையிலிருந்து வந்து தாழ்ந்த குரலில், "பையனுக்கு ஒண்ணுக்கு கோப்பி-ஓ மாதிரி போகுது" என்றார். பால் கலக்காத காப்பியின் நிறம். அம்மா அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளியில் பூ எந்த நிறமோ, கண் அந்த நிறம்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்றார் அப்பா.

"ஆஸ்பத்திரில காமாலைக்கு மருந்து கெடையாது. எங்க தோட்டத்து டிரஸரே, ஊசி போடுறவரு, அவரே காமாலைன்னா கரிசலாங்கண்ணிய அரைச்சுக் குடுன்னுதான் அனுப்புவாரு. வாசல் நெறைய வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கச் சொல்றீங்களா?"

அப்பா துறைமுகக் கிடங்கில் கிராணி. மூட்டை எண்ணுகிறவர். நோய் விஷயத்தில் அம்மாவை எதிர்த்து அவர் பேசியதே இல்லை.

விடியும்போது கொழுந்தாகக் கிள்ளிக்கொண்டு வருவது என் பொறுப்பு. பனி ஈரத்தில் விரல்கள் பிசுபிசுக்கும். அம்மா அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, நீல நிற எனாமல் கோப்பையில் ஊற்றுவார். விளிம்பில் பூச்சு உதிர்ந்து கருப்புப் புள்ளி இருக்கும் கோப்பை. வெறும் வயிற்றில் முழுதும் குடிக்க வேண்டும். அப்புறம் உப்பில்லாத கஞ்சி. எண்ணெய் கிடையாது, மீன் கிடையாது.

"க்கா, நீ குடி. உனக்கும் மஞ்சள் வரட்டும்" என்பான் தம்பி.

"உனக்கு வந்ததுதான்டா, நீயே குடி."

"நெத்திலி தந்தா குடிக்கிறேன்."

"நெத்திலிக்குக் கண்ணு மஞ்சளாயிடும்டா, பாவம்."

சிரிப்பான். அப்புறம் குடிப்பான். அப்புறம் வாந்தி எடுப்பான். "பித்தம் எறங்குது. மருந்து வேல செய்யுது" என்பார் அம்மா. டெய்லர் அக்காவும் வந்து பார்த்து, ஆமாம், இறங்குகிறது என்றார். அந்தப் பச்சை வாந்தியைப் பார்த்து இரண்டு பெரியவர்கள் நிம்மதி அடைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் எடுத்தது குடித்த இலையைத்தான் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் கண்ணாடிப் பெட்டி, முன்னால் ரப்பர் குமிழ் வைத்த ஹாரன். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே தம்பி தூக்கத்திலிருந்துகூட எழுந்து ஓடுவான். வாங்கித் தராவிட்டாலும் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவான். ஒருநாள் மத்தியானம் ஹாரன் எங்கள் வாசலிலேயே அடித்தது. தம்பி தலையைத் திருப்பவில்லை.

அம்மா நீலக் கோப்பையோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அப்பா கிடங்கில் இருந்தார். அம்மா கத்தவில்லை. கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை. அப்படியே எழுந்து வாசலுக்குப் போனார்.

மிஸ்ஸி காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"மிஸ்ஸி" என்றார் அம்மா.

மிஸ்ஸி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கேட்டைச் சுற்றி வரவில்லை. வெள்ளைச் சீருடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கம்பி வேலியைத் தாண்டினார். காலில் இருந்த வெள்ளைச் சப்பாத்து பூவுக்குள் புதைய நேராக உள்ளே போய், தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்து, உதட்டைத் தொட்டுப் பார்த்து, அப்படியே அவனை வாரியெடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன குடுத்தனீங்கள்?"

அம்மா மிஸ்ஸியின் காலடியைக் காட்டினார்.

மிஸ்ஸி குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "ஓடிப் போய் அங்கிளைக் கூப்பிடு. காரை எடுக்கட்டாம்" என்றார். நான் ஓடினேன். அவருடைய வீட்டுக்காரர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு வந்து காரை எடுத்தார். பின் இருக்கையில் மிஸ்ஸியின் மடியில் தம்பியின் தலை, அம்மாவின் மடியில் கால். எதற்கு என்று தெரியாமல் அந்தக் கோப்பை இன்னும் அம்மாவின் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அதை எங்கோ விட்டுவிட்டார். நாங்கள் யாரும் அப்புறம் அதைத் தேடவில்லை.

தம்பி பிழைத்தான். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்களாம். பாட்டில் ஏற்றினார்கள். மெல்ல மெல்லத் தலையைத் திருப்பினான், ரொட்டி கேட்டான்.

அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே செய்தி தெரிந்து தோட்டத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அம்மா குளிக்க வீட்டுக்கு வந்திருந்த நேரம். மாமா வாசற்படியில் உட்கார்ந்து, ஈரப் பத்திரிகையில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து வைத்தார்.

"மஞ்சக் கரிசலாங்கண்ணி. இப்பல்லாம் கெடைக்கிறதே இல்ல. ஆத்தோரமா காலையில பூரா தேடினேன்."

"அதான் இங்கயே இவ்வளவு இருக்கேண்ணே" என்று அம்மா வாசலைக் காட்டினார்.

மாமா வாசலைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"எங்க?" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தேடினார். அம்மா மெதுவாகக் குனிந்து ஒரு கொப்பைக் கிள்ளி, பத்திரிகைக் கட்டைப் பிரித்து, இரண்டையும் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நீளமாக, ஒல்லியாக, மங்கலாக இருந்தது. இன்னொன்று பளபளவென்று, நுனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது. இரண்டையும் கசக்கி முகர்ந்தார். அப்புறம், "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்று எழுந்து உள்ளே போனார்.

மாமா போனதும் அம்மா இரண்டையும் ஒரே குப்பைத் தொட்டியில் போட்டார். அண்ணன் தேடிக் கொண்டுவந்த நிஜச் செடியை ஏன் போடுகிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை.

சாயங்காலம் அந்த வரிசையில் ஒவ்வொரு வீடாக ஏறினார். நானும் கூடப் போனேன். "நான் குடுத்தது அது இல்ல. வேற செடி. பிடுங்கிப் போட்டுடுங்க. பிள்ளைங்களுக்குக் குடுத்துடாதீங்க." எல்லா வீட்டிலும் அதே சொற்கள். டெய்லர் அக்கா, "என்னாக்கா நீங்க, எனக்கு முடி நல்லாத்தானே வந்துச்சு" என்று பின்னலை எடுத்துக் காட்டினார். ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து, "பெத்த பிள்ளைக்குக் குடுக்குமுன்ன பாக்க வேணாமா?" என்றார்கள். அம்மா அதற்கும் தலையாட்டினார்.

கடைசியாக மிஸ்ஸி வீடு.

"உங்க பக்கம் வந்ததையும் நானே வந்து பிடுங்கிடுறேன் மிஸ்ஸி. வேரோட."

மிஸ்ஸி வேலிப் பக்கம் பார்த்தார்.

"மருந்தெண்டு நினைச்சபடியாத்தான் உங்களுக்கு இப்ப அதில இவ்வளவு கோவம். பூவெண்டு பாத்தா வடிவாத்தானே இருக்கு. என்ட பக்கம் கிடக்கட்டும், தங்கச்சி."

அத்தனை சனிக்கிழமைகள் வெட்டியவர் அன்றிலிருந்து வெட்டவில்லை. அந்தப் பக்கம் மஞ்சளாகவும் எங்கள் பக்கம் கொத்திப் போட்ட மண்ணாகவும் கிடந்தது. அம்மா பிடுங்கினார், அறுந்த கணுவிலிருந்து மறுபடி வந்தது. அப்பா யாரிடமோ களைக்கொல்லி வாங்கி அடித்தார். எல்லாம் பழுத்துச் செத்தது, அடுத்த மழையில் லோங்காங் ஓரம் இரண்டு இலையாக எட்டிப் பார்த்தது. கடைசியில் அப்பா முன்வாசல் முழுதும் சிமெண்ட் போட்டார். வரிசையில் முதலில் சிமெண்ட் வாசல் எங்களுடையதுதான். வசதி வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அதன்பின் அம்மா யாருக்கும் எதையும் அரைத்துக் கொடுத்ததில்லை. எங்களுக்கு இருமல் வந்தால் கிளினிக். வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர்கூட இல்லை. நான் மகனைப் பெற்று வீட்டுக்கு வந்தபோது, பிள்ளை பெற்றவளுக்குத் தாய் வீட்டில் இடிக்கும் மருந்தை அம்மா இடிக்கவில்லை. கடையில் பொட்டலமாக வாங்கி, காலாவதித் தேதியைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத் தந்தார். "பெத்த தாய் கையால ஒரு கசாயம் இல்ல" என்று என் மாமியார் வீட்டில் வருடக்கணக்காகப் பேசினார்கள். நான் பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நீலக் கோப்பையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மகனைச் சேர்த்த மருத்துவமனையின் வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். முழுக்க அந்தச் செடிதான். மண் சரியாமல் இருக்கப் போடுகிறார்களாம். வெடேலியா என்று நர்சரிக்காரர்கள் சொல்கிறார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியெல்லாம் பாலத்துக்குக் கீழே, கம்பி வேலிக்கு அடியில், எங்கும் அது இருக்கிறது. நான் தினமும் வேலைக்குப் போகும் பாதை அது.

"நாட்டு மருந்து, மூலிகை ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் வழக்கமான கேள்வியாகக் கேட்டபோது, நான் இல்லை என்று சொன்ன சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் தைரியம் வந்து, ஜன்னலுக்கு வெளியே காட்டிக் கேட்டேன். அந்த இலையை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் காலத்தில், என் தம்பிக்கு.

"குடுக்கவே கூடாது. ஆனா அப்ப எது எவ்வளவு கெடுத்துச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது, ஆன்டி. வாந்தி, பட்டினி, தண்ணி நிக்காதது, லேட்டா கொண்டு வந்தது, எல்லாமே சேர்ந்திருக்கும். சரியான இலையக் குடுத்திருந்தாலும் அதே கதிதான் ஆகியிருக்கலாம்."

அம்மா மாமாவின் கட்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டதை அப்போது நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போய்ப் படிக்காதவர். இதை யாரிடமும் கேட்காமலே அன்று சாயங்காலமே முடிவு செய்திருக்கிறார். ஆனால் தனக்கு மட்டும் அவர் கொடுத்துக்கொண்ட தண்டனை நாற்பது வருடத்துக்கு மேல் நீண்டுவிட்டது.

அன்று மாலை பார்வையாளர் நேரம். பக்கத்துக் கட்டிலுக்கு அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வந்தது, எதிர்க் கட்டிலுக்கு ஒரு பை ஆரஞ்சு. மகன் அன்றுதான் முதல்முறையாகக் கொஞ்சம் கஞ்சி குடித்து, அது உள்ளே நின்றிருந்தது. தம்பி வேலைச் சட்டையோடு வந்து என் காதருகில் குனிந்தான்.

"நான் சொல்லலக்கா, சத்தியமா. உன் பையன்தான் வீடியோ கால்ல கண்ண விரிச்சுக் காட்டியிருக்கான், எவ்வளவு மஞ்சள் பாருங்கன்னு. பெருமையா வேற."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சேலைய மாத்திட்டு வந்து கார்ல உக்காந்துட்டாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். வார்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். எங்கே போனாலும் தோளில் தொங்கும் துணிப்பை இல்லை. கைக்குட்டைகூட இல்லை. கட்டிலில் இருந்த மகன் கையை ஆட்டிக் கூப்பிட்டான். அம்மா வரவில்லை. வாசல் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, பள்ளியில் நகம் காட்டும் பிள்ளையைப் போல இரண்டு உள்ளங்கைகளையும் என் பக்கம் விரித்துக் காட்டினார்.

"ஒண்ணும் கொண்டு வரலம்மா" என்றார். "உள்ள வரட்டுமா?"